கொங்குப் பக்கம் வானம் பாக்கோணுமா? அமெச்சூர் வானியல் குழுவோட சேர்ந்து ஆரம்பிக்க முழு வழிகாட்டி

"டெலஸ்கோப் எது வாங்கலாமுங்க"ன்னு தான் எல்லாரும் மொதல்ல கேக்கறாங்க. கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு, கரூரு, நாமக்கல்னு எங்கிருந்து கேட்டாலும் நான் சொல்றது ஒன்னுதானுங்க, இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க, பக்கத்துல வானம் பாக்கற குழு எது இருக்குதுன்னு தேடிப் புடிச்சு தை மாசத்துல இருந்து சித்திரை வரைக்கும் நாலு அமாவாசைக்கு அவங்களோட போய் நில்லுங்க. அதுக்குள்ள வேற வேற டெலஸ்கோப்ல கண்ணு வெச்சுப் பாத்திருப்பீங்க, எதைத் தூக்கிட்டுப் போக முடியும் எது முடியாது, உங்களுக்கு நிலாவும் கிரகமும் புடிக்குதா இல்ல மங்கலாத் தெரியற நெபுலா, அதான் வானத்துல இருக்கற வாயு தூசி மேகம், அது புடிக்குதான்னு உங்களுக்கே புரிஞ்சுரும். அதை விட முக்கியம், பக்கத்துல நிக்கற ஆளு கைய நீட்டி "அதா, அந்த மூணு நட்சத்திரத்துக்குக் கீழ பாருங்க"ன்னு காட்டித் தர்றது. அந்த மாதிரி எந்த ஆப்பும் காட்டித் தராது. இதெல்லாம் இல்லாம ஆசைப்பட்டு வாங்குன டெலஸ்கோப்பு நெறைய ஊட்ல அட்டாலில தான் கெடக்குது.

நம்ம ஊரு வானத்துல என்ன விசேஷம்

கொங்குநாடு பூமத்திய ரேகைக்கு வடக்கால கிட்டத்தட்ட 11 டிகிரியில இருக்குது. இது எவ்ளோ பெரிய கொடுப்பினைன்னு நெறைய பேருக்குத் தெரியறதில்ல. வடக்கால துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து 11 டிகிரி உயரத்துல நிக்கும், கைய முழுசா நீட்டி முஷ்டிய மூடுனா அது ஏறக்குறைய 10 டிகிரி, அப்ப ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேல தேடுங்க. தெக்கால திரும்புனா அகத்தியர் நட்சத்திரம் 26 டிகிரி உயரத்துக்கு வரும், தெற்குச் சிலுவை 19 டிகிரிக்கு வரும், ஒமேகா சென்டாரிங்கற பெரிய நட்சத்திரக் கொத்து 31 டிகிரிக்கு மேலயே ஏறிரும். இதே தெற்குச் சிலுவை டெல்லிக்காரங்களுக்கு அடிவானத்தை ஒரசிட்டுப் போயிரும், லண்டன்ல இருக்கறவங்களுக்கு வாழ்நாள்ல கண்ணுலயே படாது. ரெண்டு பக்க வானத்தையும் ஒரே எடத்துல நின்னு பாக்கற யோகம் நமக்கு இருக்குது.

ஜவ்வாது மலை காவலூர்ல வேணு பாப்பு வானாய்வகம் இருக்குதில்லீங்களா, 2.34 மீட்டர் டெலஸ்கோப்பு வெச்சு 1986ல தொறந்தது, அந்த எடத்தைத் தேர்ந்தெடுத்ததுக்கும் இது ஒரு காரணம், 12 டிகிரி சொச்சத்துல நின்னா தெக்கு வானமும் நல்லாக் கெடைக்கும். நம்மளுக்கு இன்னும் பக்கத்துல ஊட்டி முத்தோரையில ரேடியோ டெலஸ்கோப் இருக்குது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970ல கட்டி முடிச்சது. மலைச்சரிவோட சாய்மானமும் அந்த எடத்தோட அட்சரேகையும் ஒன்னா, 11 டிகிரியா இருக்கற எடமாத் தேடிப் புடிச்சிருக்காங்க, அதனால டெலஸ்கோப்போட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா அமைஞ்சு போச்சு, ஒரே பக்கமாச் சுத்துனாப் போதும், ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கா விடாமத் தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப்ங்கற ரேடியோ வானியல் விஞ்ஞானி தலைமையில செஞ்ச வேலை. குழுவோட சேர்ந்தா முன்கூட்டியே அனுமதி வாங்கி இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் போக வழி கெடைக்கும், தனியா ஒரு ஆளா கேட்டுப் போறது கொஞ்சம் செரமம்.

குழுவைத் தேடறது

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட மாவட்டக் கெளைய மொதல்ல கேளுங்க, அவங்க ரொம்ப வருஷமா வானம் காட்டற நிகழ்ச்சி நடத்திட்டு வர்றாங்க. கோயமுத்தூர்ல கொடிசியா பக்கத்துல மண்டல அறிவியல் மையம் இருக்குது, அங்க கேட்டாலும் விஷயம் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு கெடைப்பாங்க. அப்பறம் காலேஜுல பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட்டு, பள்ளிக்கூடத்துல ஆர்வமா இருக்கற சயின்ஸ் வாத்தியாருங்க, இவங்க மூலமாத்தான் நெறைய வாட்ஸ்அப் குரூப்பு ஓடிட்டு இருக்குது. சேர்ந்த ஒடனே எந்நேரமும் கிரகப்பெயர்ச்சி பலன் பேசற குரூப்பா இருந்தா அது நாம தேடற குழு இல்லீங்க, வேற பாருங்க. நல்ல குழுவுக்கு அடையாளம், மாசம் ஒருக்காவாவது வெளிய போய் வானம் பாப்பாங்க, புதுசா வர்றவங்களுக்குன்னு ஒரு ஆள ஒதுக்கி வெச்சிருப்பாங்க, பொம்பளைங்களும் கொழந்தைங்களும் தைரியமா வந்து போற மாதிரி ஏற்பாடு இருக்கும்.

உங்க ஊர்ல குழுவே இல்லீன்னா நாலு பேர் சேர்ந்தா அதுவே குழுதான். ஒரு பைனாகுலரு, எந்த நட்சத்திரம் எங்க இருக்குதுன்னு காட்டற ஸ்டெல்லேரியம் ஆப்பு ஒன்னு, ராத்திரி போக ஒரு தோட்டம், ஆரம்பிக்க இது போதும்.

நாள் பாக்கறது

கல்யாணத்துக்கு நாள் பாக்கற மாதிரியே இதுக்கும் காலண்டர எடுத்துப் பாக்கோணும். மங்கலான நெபுலா, நட்சத்திரக் கொத்து, பால்வீதி இதெல்லாம் வேணும்னா அமாவாசைக்கு முன்ன பின்ன நாலஞ்சு நாள் தான். குழுக்காரங்க பெரும்பாலும் அமாவாசைய ஒட்டி வர்ற சனிக்கெழமைய வெச்சுக்குவாங்க. பௌர்ணமி அன்னைக்கு வானம் பூரா வெளுத்துப் போயிருக்கும், நிலாவைப் பாக்கறதுக்கும் அது தோதில்ல, வெளிச்சம் நேரா விழுகறதால பள்ளமும் மேடும் தட்டையாத் தெரியும். நிலா பாக்கோணும்னா வளர்பிறை பஞ்சமில இருந்து நவமி வரைக்கும். அஷ்டமி நவமில நல்ல காரியம் ஆரம்பிக்க மாட்டாங்க நம்ம பக்கம், ஆனா நிலாவுக்கு அதைவிட நல்ல நாள் கெடையாது. வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல நெழலு நீளமா விழுந்து ஒவ்வொரு பள்ளமும் கிண்ணம் கிண்ணமா எந்திரிச்சு நிக்கும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்க ஒன்னு கவனிங்க, அந்தப் பௌர்ணமி நிலா கடக ராசிப் பக்கம், பூச நட்சத்திரத்தை ஒட்டித்தான் இருக்கும். கார்த்திகை தீபத்தன்னைக்கு நிலா கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கத்துல, சித்ரா பௌர்ணமிக்கு சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்துல. வருஷா வருஷம் நோம்பி கொண்டாடறோம், அன்னைக்கு ஒரு நிமிஷம் நின்னு மேல பாத்து எந்த நட்சத்திரம்னு அடையாளம் வெச்சுட்டீங்கன்னா வானத்துல பாதி வரைபடம் மனசுல ஏறிரும்.

பருவம்னு பாத்தா தை, மாசி, பங்குனி தான் நமக்கு ராசியான மாசம். வைகாசி கடைசில இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கால காத்து அடிக்க ஆரம்பிச்சுரும், ஆடியில பல்லடம், உடுமலை பக்கம் காத்தாடி சுத்தற வேகத்துக்கு டெலஸ்கோப்பு ஆடாம நிக்காது, மேகமும் ஓடிட்டே இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலம். ஆனா மழை பேஞ்சு ஓஞ்ச மறுநாள் தூசி எல்லாம் அடங்கி வானம் கழுவி உட்ட மாதிரி இருக்கும், அந்த மாதிரி நாள் வந்துச்சுன்னா குரூப்புல ஒரு மெசேஜ் போட்டு ஒடனே கெளம்பீருங்க, திட்டம் போட்டுட்டு இருந்தா போயிரும்.

எடம் பாக்கறது

கோயமுத்தூரு, திருப்பூரு டவுனுக்குள்ள மொட்டை மாடில இருந்து நிலா, கிரகம், பிரகாசமான நட்சத்திரம் தாராளமாப் பாக்கலாம். மத்ததுக்கு வெளிய போயே ஆகோணும். எவ்ளோ தூரம்ங்கறதை விட எந்தப் பக்கம்ங்கறது முக்கியமுங்க. நம்ம பொக்கிஷம் எல்லாம் தெக்கு வானத்துல இருக்கறதால டவுன் வெளிச்சம் நமக்கு முதுகுப் பக்கம், வடக்கால இருக்கற மாதிரி எடம் தேடோணும். அதனால தான் திருப்பூருக்கு வடக்கால போறத விட தெக்கால குண்டடம், தாராபுரம், மூலனூர் பக்கம் போறது லாபம். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு இருக்குது பாருங்க, வேலி போட்ட மேய்ச்சல் நெலம், உள்ள தெருவெளக்கு கெடையாது, நாலு பக்கமும் அடிவானம் தொறந்து கெடக்கும், வானம் பாக்கறதுக்குன்னே விட்டு வெச்ச மாதிரி இருக்கும். காட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போகோணும், பட்டியில மாடு இருந்தா அதுங்களுக்குத் தொந்தரவு குடுக்காம தள்ளி நிக்கோணும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இருட்டு நல்லா இருக்கும், ஆனா தெக்கால மலை எந்திரிச்சு நிக்கறதால அடிவானத்துல கொஞ்சம் மறைச்சுக்கும். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகோணும், மேல குளிரும் இருட்டும் அருமை, ராத்திரி எறங்காம தங்கற மாதிரி போங்க. பகல்லயே ஒருக்காப் போய் எடத்தைப் பாத்துருங்க. கோழிப்பண்ணை லைட்டு, மில்லு காம்பவுண்டு போகஸ் லைட்டு, காத்தாடி மேல மினுக்குற சிவப்பு லைட்டு இதெல்லாம் பகல்ல கண்ணுக்குப் படாது, அதனால சுத்தி என்னென்ன கட்டடம் இருக்குதுன்னு விசாரிச்சு வெச்சுக்கோணும்.

காட்டு ஓரம் மட்டும் வேண்டவே வேண்டாம். மருதமலை, தடாகம், நரசீபுரம் அடிவாரத்துல ராத்திரி யானை நடமாட்டம் சாதாரணம், சத்தியமங்கலம் காட்டுக்குள்ள ராத்திரி போக்குவரத்துக்கே கட்டுப்பாடு இருக்குது. வானம் பாக்கறவங்க சத்தமில்லாம இருட்டுல நிப்பாங்க, யானைக்கும் நாம நிக்கறது தெரியாது நமக்கும் அது வர்றது தெரியாது. குழுவுல யாராச்சும் "அங்க சூப்பரா இருக்கும்"னு சொன்னாலும் மறுத்துருங்க.

மொத ராத்திரிக்குக் கெளம்பறது

பொழுது சாயறதுக்கு முன்னாடியே எடத்துக்குப் போயிருங்க. வெளிச்சம் இருக்கறப்பவே வண்டிய வெளிய பாத்த மாதிரி திருப்பி நிறுத்திருங்க, நடுராத்திரி நீங்க கெளம்பறப்ப ஹெட்லைட்டு மத்தவங்க கண்ணுல அடிக்காது. நம்ம கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு செகண்டு வெள்ளை வெளிச்சம் பட்டாப் போதும், திரும்பவும் மொதல்ல இருந்து. அதனால டார்ச்சுல சிவப்பு ஜிகினாத்தாளு, இல்லீன்னா சிவப்பு ஜெலட்டின் பேப்பரு ரெண்டு மூணு மடிப்பாச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டுக்கோங்க. போனை உள்ள வெச்சுருங்க. ஆப்பு பாக்கோணும்னா அதுல ராத்திரி மோடுன்னு இருக்கும், ஸ்கிரீனே செவப்பா மாறிரும்.

ஷூ போட்டுக்கோங்க, இது கட்டாயம். கட்டு விரியன் ராத்திரில தான் வெளிய வரும், நடக்கறப்ப டார்ச்சக் கீழ அடிச்சு நடங்க, தரைல துண்ட விரிச்சுப் படுக்காதீங்க, கயித்துக்கட்டலோ ஈஸி சேரோ கொண்டு போங்க. பக்கத்துல எந்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்குதுன்னு குழுவுல ஒருத்தராவது தெரிஞ்சு வெச்சிருக்கோணும். மார்கழி தைல பனி எறங்கும், தலைக்குக் குல்லா, ஒரு போர்வை. பிளாஸ்குல டீ, வவுத்துக்கு ஏதாச்சும், அரிசிம்பருப்பு சாப்பாடு கட்டிட்டு வர்றவங்க இருந்தா அந்த ராத்திரி நல்லா ஓடும். கொசுவுக்கு ஸ்ப்ரே அடிக்கோணும்னா டெலஸ்கோப்ப விட்டுத் தள்ளிப் போய் அடிச்சுட்டு வாங்க, லென்ஸுல பட்டா கோட்டிங் போயிரும்.

அடுத்தவங்க டெலஸ்கோப்புல பாக்கறதுக்கு முன்னாடி "பாக்கலாமுங்ளா"ன்னு ஒரு வார்த்தை. யாரும் இல்லைன்னு சொன்னதே கெடையாது. குழாயப் புடிக்காதீங்க, கண்ணை மட்டும் ஐபீஸ், அதான் கண்ணு வெச்சுப் பாக்கற லென்ஸு, அது பக்கம் கொண்டு போங்க, கண்ணாடி போட்டிருந்தா கழட்டிட்டு போகஸ் குமிழைத் திருப்பிக்கலாம். மங்கலான பொருளை நேராப் பாத்தா மறைஞ்சு போகும், கொஞ்சம் ஓரமாப் பாத்தா தெரியும், கண்ணுக்குள்ள நடுவுல இருக்கறது பகல் வெளிச்சத்துக்கான செல்லு, இருட்டுக்கானது சுத்தித்தான் இருக்குது. இந்த ஓரக்கண்ணால பாக்கற பழக்கம் வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். ரெண்டு செகண்டு பாத்துட்டு நகந்துராதீங்க, ஒரு நிமிஷமாவது நின்னு பாத்தாத்தான் ஒன்னொன்னா வெளிய வரும்.

முழு ராத்திரி பாக்கோணும்னா சிவராத்திரி

வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி தான் தூங்காம இருக்க முடியும்னா நான் மகா சிவராத்திரியைத்தான் சொல்லுவேன். எப்படியும் எல்லாரும் முழிச்சுட்டுத்தான் இருப்பாங்க, அமாவாசைக்கு மொத நாளு, நிலா விடியற்காலைல மெல்லிசா ஒரு கீத்து தான் வரும், மாசி மாசத்து வானம் பெரும்பாலும் தெளிவு. கோயில் போகஸ் லைட்டுல இருந்து தள்ளி ஒரு தோட்டத்துக்குப் போயிருங்க.

பொழுது உழுந்து இருட்டுனதும் தலைக்கு மேல ஒரியன் நிக்கும். நடுவுல மூணு நட்சத்திரம் வரிசையா, அதுக்கு மேல செவப்பாத் திருவாதிரை, கீழ வெள்ளையா ரைஜெல். மூணு நட்சத்திரத்துக்குக் கீழ தொங்கற மாதிரி மங்கலா ஒன்னு தெரியுதில்ல, அதான் ஒரியன் நெபுலா, பைனாகுலர்லயே பொகை மாதிரி தெரியும், வாய் 8 இஞ்சு அகலம் இருக்கற டெலஸ்கோப்புல வெச்சா றெக்கை விரிச்ச மாதிரி ரெண்டு பக்கமும் பரவி, நடுவுல பொடிசா நாலு நட்சத்திரம் பக்கம் பக்கமா. அங்க நட்சத்திரம் இன்னைக்கும் பொறந்துட்டு இருக்குது. அப்படியே தெக்கால கண்ணை எறக்குனா சிரியஸ், அதுக்கும் கீழ தனியா நின்னு ஜொலிக்கறது அகத்தியர் நட்சத்திரம், எட்டு மணிக்கெல்லாம் நேர் தெக்கால உச்சத்துல இருக்கும்.

பத்து மணிக்கு மேல ஒரியன் மேக்கால சாய ஆரம்பிக்கும், கெழக்கால சிம்ம ராசி ஏறி வந்திருக்கும், மகம் நட்சத்திரத்தை அதுல அடையாளம் பாத்துக்கலாம். இந்த நேரத்துக்குத் தெக்கால கரைனா நெபுலா எந்திரிச்சு வரும், வடநாட்டுக்காரங்க ஏங்கிப் போற பொருளு இது, பால்வீதி நடுவுல கண்ணுக்கே ஒரு வெளுத்த திட்டாத் தெரியும்.

நடுராத்திரி தாண்டி ரெண்டரை மூணு மணி, இதுக்காகத்தான் முழிச்சிருக்கறது. தெற்குச் சிலுவை நேரா நிமிந்து நின்னுட்டு அந்தப் பக்கமா சாயத் தொடங்கியிருக்கும். இப்ப சித்திரை நட்சத்திரத்தைத் தேடுங்க, நீலம் கலந்த வெள்ளை, நல்லா உயரத்துல தனியா இருக்கும். அங்கிருந்து நேராத் தெக்கால மூணரை முஷ்டி அளந்து எறங்குங்க. கண்ணுக்கு ஒரு மங்கலான நட்சத்திரம் மாதிரி ஒன்னு, ஆனா கொஞ்சம் மசமசன்னு. அதுல பைனாகுலர வெச்சாலே உருண்டையாத் தெரியும். 8 இஞ்சு டாப்சோனியன்ல (சாதாரணப் பெட்டி மாதிரி தாங்கி மேல நிக்கற, உள்ள கண்ணாடி வெச்ச டெலஸ்கோப்பு) 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டு வெச்சுப் பாருங்க, மொதல்ல வெறும் வெளிச்ச உருண்டை தான், ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிட்டு பாத்தா ஓரத்துல இருந்து பொடிப்பொடியா நட்சத்திரம் பிரிய ஆரம்பிக்கும், அப்பறம் நடு வரைக்கும் பொரிஞ்சுட்டே போகும். அதான் ஒமேகா சென்டாரி. கிட்டத்தட்ட 17,000 ஒளியாண்டு தூரத்துல ஒரு கோடி நட்சத்திரம் ஒன்னாச் சேர்ந்து கெடக்குது. மொதத் தடவ பாக்கறவங்க யாரா இருந்தாலும் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

நாலு மணிக்கு மேல விருச்சிகம் கொடுக்கைத் தூக்கிட்டு நல்லா மேல வந்திருக்கும், செவப்பாக் கேட்டை நட்சத்திரம், வாலுல மூலம். அஞ்சு மணிக்குத் தென்கெழக்கால தனுசுப் பக்கம் பால்வீதியோட மையம். கோழி கூப்புடற வரைக்கும் பாக்கலாம். திரும்பி வர்றப்ப வண்டி ஓட்டறவங்க கொஞ்ச நேரமாவது தூங்கிட்டுத்தான் எடுக்கோணும், இதுல விட்டுக்குடுக்காதீங்க.

எரிகல் மழையும் இப்படித்தான், ஆனா அதுக்கு டெலஸ்கோப்பே வேண்டாம், கட்டல்ல மல்லாக்கப் படுத்தாப் போதும். டிசம்பர் 13, 14 ராத்திரி ஜெமினிட்ஸ் தான் வருஷத்துலயே பெருசு, நம்ம ஊர்ல அன்னைக்கு மேகம் இல்லாம இருக்கோணும். மே 5, 6 விடியக்காலைல வர்றது ஹாலி வால்மீன் விட்டுட்டுப் போன தூசி, நம்ம அட்சரேகைக்கு அது நல்லாவே தெரியும்.

ஊருக்குக் காட்டறது

குழுவுல சேர்ந்து கொஞ்ச நாள்ல உங்களையும் ஒரு டெலஸ்கோப் பக்கத்துல நிக்க வெச்சு வர்றவங்களுக்குக் காட்டச் சொல்லுவாங்க. தயங்காம நில்லுங்க, குழுவோட வேலைலயே இதான் பெரிய வேலைன்னு நான் நெனைக்கறேன். பள்ளிக்கூட மைதானமோ கோயில் தெடலோ, வளர்பிறையில சாயங்காலம் ஆறரைல இருந்து ஒன்பது வரைக்கும் போதும். சின்னப் பசங்களுக்கு ஒரு ஸ்டூலு வேணும், வயசானவங்களுக்கு ஒரு நாற்காலி. பஞ்சாயத்துல சொல்லி ரெண்டு தெருவெளக்க மட்டும் அணைக்கச் சொல்லலாம், தேதிய முன்னாடியே சொல்லிட்டா பண்ணிக் குடுக்கறாங்க.

ஒரு ஊர்ல சனி கிரகம் வெச்சிருந்தப்ப ஒரு அம்முச்சி வரிசைல வந்து பாத்துட்டு, "ஏங்கண்ணு, நெசமாலுமே மேல இருக்கறதா இது, உள்ள ஏதும் படம் ஒட்டி வெச்சிருக்கறயா"ன்னு கேட்டாங்க. நெறைய பேருக்கு மனசுல இருக்கற சந்தேகம் இது, வளையம் அவ்ளோ கச்சிதமாத் தெரியும். இதுக்கு வெளக்கம் சொல்ல வேண்டியதில்ல, டெலஸ்கோப்ப நகத்தாம அப்படியே விட்டுட்டு "கண்ணை எடுக்காமப் பாத்துட்டே இருங்க ஆத்தா"ன்னு சொன்னாப் போதும். 120 மடங்குல வெச்சிருந்தா ஒன்றரை நிமிஷத்துக்குள்ள சனி ஒரு ஓரத்துக்குப் போய் வட்டத்தை விட்டே வெளிய போயிரும். "அய்யோ, போகுது போகுது"ன்னாங்க. அது போகலீங்க ஆத்தா, நாம தான் சுத்தறோம், நம்ம பூமி சுத்தறதைத்தான் இப்பப் பாத்தீங்கன்னு சொன்னதும் திரும்பவும் வெச்சுக் காட்டச் சொன்னாங்க. அங்கிருந்து வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வந்து சேர ஒன்னேகால் மணி நேரம் ஆகுதுங்கறதையும் அந்த நேரத்துல சொல்லிருங்க, பசங்க அதை மறக்கவே மாட்டாங்க.

பகல் வேலை: நிழலில்லா நாளும் சூரியனும்

வருஷத்துக்கு ரெண்டு நாள் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வரும், அன்னைக்கு மத்தியானம் நட்டு வெச்ச குச்சிக்கு நெழலே இருக்காது. பொள்ளாச்சி கோயமுத்தூர்ல இருந்து சேலம் வரைக்கும் ஏப்ரல் 18ல இருந்து 21க்குள்ளயும், திரும்ப ஆகஸ்ட் 22ல இருந்து 25க்குள்ளயும் இது வரும், தெக்கால இருக்கற ஊருக்கு ஏப்ரல்ல முந்தியும் ஆகஸ்ட்ல பிந்தியும். நேரம் சரியாப் பன்னண்டு இல்லீங்க. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வெச்சது, நாம மேக்கால இருக்கறதால கோயமுத்தூர்ல 12:20 தாண்டித்தான் உச்சி வரும், சேலத்துல ஏப்ரல்ல 12:16ஐ ஒட்டி, ஆகஸ்ட்ல 12:20ஐ ஒட்டி.

குழுவோட சேர்ந்து இதுல ஒரு அருமையான காரியம் பண்ணலாம், பூமியோட சுத்தளவையே அளக்கலாம். சேலமும் திண்டுக்கல்லும் கிட்டத்தட்ட ஒரே வடக்கு தெக்குக் கோட்டுல இருக்குது. சேலத்துல நெழல் இல்லாத நாள்ல அதே நேரத்துக்கு திண்டுக்கல்ல ஒரு மீட்டர் குச்சிய நட்டா நெழல் ரெண்டேகால் சென்டிமீட்டர் வரும், அதுவும் தெக்குப் பக்கமா விழுகும். அதை வெச்சுக் கோணம் கணக்குப் பண்ணுனா 1.29 டிகிரி. ரெண்டு ஊருக்கும் வடக்கு தெக்குத் தூரம் 143 கிலோமீட்டரு. 360ஐ 1.29ஆல வகுத்து 143ஆல பெருக்குங்க, நாப்பதாயிரத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கும். ரெண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எரட்டோஸ்தனிஸ் எகிப்துல இந்த வழியிலதான் அளந்தாரு. குச்சி செங்குத்தா நிக்கறதுக்கு கொத்தனாரு தூக்குக்குண்டு வேணும், சூரியன் ஒரு புள்ளி இல்லாம அரை டிகிரி அகலம் இருக்கறதால நெழலோட ஓரம் மங்கலாத்தான் இருக்கும், அதனால மங்கலோட நடுவுல கோடு போட்டு, நாலஞ்சு பேரு தனித்தனியா அளந்து சராசரி எடுங்க.

சூரியனைப் பாக்கறதுல வெளையாட்டு வேண்டாமுங்க. எக்ஸ்ரே பிலிமு, பழைய சிடி, கூலிங் கிளாஸு எதுவும் கூடாது, சூரியனுக்குன்னு வர்ற ஐஎஸ்ஓ 12312-2 தரம் போட்ட கண்ணாடி, இல்லீன்னா 14ஆம் நம்பர் வெல்டிங் கண்ணாடி. டெலஸ்கோப்புக்கு பில்டர் முன்னாடி, குழாயோட வாய்ல தான் போடோணும், ஐபீஸ்ல மாட்டற சின்ன பில்டர் சூட்டுல வெடிச்சுரும், கண்ணு போயிரும். பக்கத்துல ஒரு ஆள் எந்நேரமும் நிக்கோணும்.

எப்ப வாங்கறது

நாலு அமாவாசை முடிஞ்சப்பறம் மொதல்ல 10x50 பைனாகுலரு, அதாவது 10 மடங்கு பெருசாக் காட்டற, வாய் 50 மில்லிமீட்டர் இருக்கறது, வாங்குங்க. வியாழனோட நாலு நிலா, கார்த்திகைக் கூட்டம், ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, ஒமேகா சென்டாரி எல்லாம் அதுலயே கெடைக்கும், டெலஸ்கோப் வாங்குனப்பறமும் அது வீணாப் போகாது. டெலஸ்கோப்னா 6 இல்லாட்டி 8 இஞ்சு டாப்சோனியன் தான் என்ற அபிப்பிராயம், 8 இஞ்சுல பெரும்பாலும் 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் வரும், 25 மில்லிமீட்டர் ஐபீஸுக்கு 48 மடங்கு, 10க்கு 120 மடங்கு. ஆன்லைன்ல 60 மில்லிமீட்டர் குழாயுக்கு 675 மடங்குன்னு போட்டு விக்கறதை நம்பாதீங்க, ஒரு மில்லிமீட்டர் வாய்க்கு ரெண்டு மடங்கு தான் உச்சம், 60க்கு 120க்கு மேல போனா மங்கல் தான் பெருசாகும். கண்ணாடிய நேராக்கற வேலை, அதான் காலிமேஷன், அதைக் குழுவுல ஒரு ஆள்கிட்ட பக்கத்துல ஒக்காந்து கத்துக்கோங்க. பாக்கறதுக்கு அரைமணி முன்னாடி வெளிய எடுத்து வெச்சு சூடு ஆற விடோணும். வெயில்ல காஞ்ச மொட்டை மாடி காங்கிரீட்டை விட மண்ணு தரை மேல், காங்கிரீட்டு ராத்திரி பூரா சூட்டைக் கக்கிட்டே இருக்கறதால கிரகம் தண்ணிக்குள்ள ஆடற மாதிரி தெரியும்.

நோட்டு போடறதும் வரப்போற தேதியும்

ஒரு நோட்டு வாங்கி தேதி, நேரம், எடம், வானம் எப்படி, எதுல பாத்தோம், என்ன தெரிஞ்சுதுன்னு எழுதிட்டு வாங்க. கொஞ்சம் பழகுனதும் திருவாதிரைய ஒவ்வொரு வாரமும் ரோகிணியோடவும் புரோசியானோடவும் ஒப்பிட்டு எது பிரகாசம்னு குறிங்க. 2019 கடைசில இருந்து 2020 தொடக்கம் வரைக்கும் திருவாதிரை வெறுங்கண்ணுக்கே தெரியற அளவு மங்கிப் போச்சு, இந்த மாதிரி ஒப்பிட்டுட்டு வந்தவங்களுக்கு அது மொதல்லயே தெரிஞ்சுது. ஒளி மாறற நட்சத்திரத்தைக் கணக்கெடுக்கற அமெரிக்கச் சங்கம், ஆவ்சோ (AAVSO), 1911ல இருந்து உலகம் பூரா அமெச்சூர் ஆளுங்க அனுப்பறதைச் சேத்து வெச்சுட்டு இருக்குது, நீங்களும் அனுப்பலாம். மெட்ராஸ் வானாய்வகத்துல வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867லயே ஆர் ரெட்டிகுலைங்கற நட்சத்திரம் ஒளி மாறறதைக் கண்டுபிடிச்சவரு, இந்த வேலைல நம்ம பக்கத்துக்கு அவ்ளோ பழைய தொடர்ச்சி இருக்குது.

காலண்டர்ல ரெண்டு தேதி குறிச்சு வெச்சுக்கோங்க. 2028 டிசம்பர் 31, புது வருஷத்துக்கு மொத ராத்திரி, முழுச் சந்திர கிரகணம், பத்தே கால் பத்தரை மணிக்கு உச்சம், ஊட்டு வாசல்ல இருந்தே பாக்கலாம், இதுக்கு எந்தக் கண்ணாடியும் வேண்டாம். அடுத்தது 2031 மே 21, வளையச் சூரிய கிரகணம். 2019 டிசம்பர் 26 காலைல கோயமுத்தூரு, ஈரோடு, கரூர் மேலயே வளையம் வந்துச்சு, இந்தத் தடவ பாதை கேரளாவுல இருந்து தேனி, மதுரை வழியாப் போகுது, நம்ம ஊர்ல இருந்தா பெரும்பகுதி மறையும் ஆனா வளையம் முழுசாச் சேராது. அதனால குழுவோட ஒரு பஸ் புடிச்சு அந்தப் பக்கம் போகோணும், பில்டரும் கண்ணாடியும் நாலஞ்சு மாசம் முன்னாடியே மொத்தமா வாங்கி ஒவ்வொன்னா வெளிச்சத்துல புடிச்சு கீறல் ஓட்டை இருக்குதான்னு பாத்து வெச்சுக்கோணும்.